எஜமானர் தேடு படலம்

பெண்ணுக்கு வரன் தேடுவதைக் காட்டிலும் கடினமான காரியம் ஒன்று உலகத்தில் உண்டு. அதுதான் சீமையில் எஜமானர் தேடுவது. ஜாதகம் பொருந்தாவிட்டாலும் மனம் பொருந்தினால் போதும் என்று சொல்லும் தாராள புத்தியுள்ள சம்பந்திகள் நம் ஊரில் அபூர்வமாக உண்டு. பிரிட்டிஷ் உள்துறை இலாகாவில் அத்தகைய சம்பந்திகள் கிடையாது.

என் தங்கையின் பெண் பர்மிங்ஹாமில் என்ஜினீயரிங் மேற்படிப்புப் படித்துத் தேறியவள். படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் அங்கே தங்கி வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. அதில் பதினாறு மாதம் பறந்துவிட்டது. மேற்கொண்டு இருக்கவேண்டுமானால், "இந்தப் பெண் எங்களுக்கு வேண்டும்" என்று ஏதாவது ஒரு கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். அப்படிப் பொறுப்பேற்பவருக்கு 'ஸ்பான்ஸர்' என்று திருநாமம்.

லைசென்ஸ் பெற்ற ஸ்பான்ஸர்களின் ஜாபிதாவை அந்த இலாகாவே பகிரங்கமாக வெளியிடுகிறது. அதில் லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள்! "லட்சம் பேரில் ஒருத்தருக்குக் கூடவா நம் குழந்தை வேண்டாம்?" என்றாள் என் தங்கை. ஆனால் ஜாபிதாவில் பெயர் இருப்பதனாலேயே அங்கே வேலை காலி என்று அர்த்தமாகாது. கல்யாண மண்டபங்களின் ஜாபிதாவை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை தேடுவது போலத்தான்.

எஜமானர்கள் தயங்குவதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஒரு ஆளுக்கு சர்டிபிகேட் கொடுக்க 2025 ஏப்ரல் முதல் 525 பவுண்டு கட்டணம். பெரிய கம்பெனியானால் அதற்கு மேல் வருஷத்துக்கு 1,320 பவுண்டு வரி. கொடுக்க வேண்டிய சம்பளமோ, 2024 ஏப்ரலுக்கு முன் 26,200 பவுண்டாக இருந்தது, பிறகு 38,700 ஆகி, 2025 ஜூலையில் 41,700 ஆயிற்று. படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் 33,400 என்று சலுகை. 1639-ஆம் வருஷம் பிரான்சிஸ் டே துரை கோட்டை கட்ட இடம் கேட்டு வந்தபோது, தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் அவருடைய சம்பளக் கணக்கைக் கேட்டதாகச் சரித்திரத்தில் காணோம்!

இந்தச் சமயத்தில்தான் நம் ஊரில் ஒரு தரகர் தோன்றினார். பதினான்கு லட்சம் ரூபாய் கொடுத்தால் சர்டிபிகேட் 'கைக்கு வந்துவிடும்' என்றார். தங்கை நகைப் பெட்டியைத் திறந்துவிட்டாள். நான் பெண்ணுக்கு டெலிபோன் செய்தேன்.

"மாமா, அது கைக்கு எப்படி வரும்? அது காகிதமே இல்லை. கம்பெனி இலாகாவின் கணக்கில் ஏற்றுகிற ஒரு பதிவு. அதற்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். 2024 டிசம்பர் 31 முதல் அந்தக் கட்டணத்தைக் கூட எங்களிடம் வசூலிக்கக் கூடாது என்று விதி. இந்த மனுஷருக்குப் பதினான்கு லட்சம் எதற்காம்?" என்றாள்.

பணம் போவது ஒரு பங்கு நஷ்டந்தான். 2022-ல் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு இந்த விஸா திறந்துவிடப்பட்டபோது, நம் தேசத்தார் பலர் லட்சக்கணக்கில் கொடுத்துப் போய் இறங்கினார்கள். சொன்ன வேலை பலருக்கு அங்கே இல்லை. கம்பெனியின் லைசென்ஸ் ரத்தானால், வேலைக்கு வந்தவருக்குச் சாதாரணமாக அறுபது நாள் தவணை. அதற்குள் வேறு எஜமானர் அகப்படவேண்டும், இல்லாவிட்டால் கப்பலேற வேண்டியதுதான். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கடன் மட்டும் நிற்கவில்லை.

பெண் வேறு வழியில் போனாள். லட்சத்தையும் சலித்து, பாலம் கட்டுவோரும் பழுது பார்ப்போருமாக அறுபது கம்பெனிகளைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றும் கட்டிய பாலங்களைப் படித்துவிட்டுத் தனித்தனியாகக் கடிதம் எழுதினாள். பதினொரு பேர் பதில் போட்டார்கள், மூவர் அழைத்தார்கள். பழைய ரயில் பாலங்களைச் செப்பனிடும் ஒரு சிறிய கம்பெனி, இருக்கும் அனுமதியின் பேரில் மூன்று மாதம் வேலை வாங்கிப் பார்த்தது. கையில் ஐந்து வாரம் மிஞ்சியிருந்தபோது அந்த நம்பர் வந்தது.

என் தங்கை நகைப் பெட்டியைப் பூட்டிவிட்டு வந்து, "அந்த நம்பரைச் சொல்லடி, பூஜை அறையில் எழுதி ஒட்டுகிறேன்" என்றாள்.

"அதையெல்லாம் வெளியில் காட்டக் கூடாது, அம்மா. நீ சுவாமியிடம் வாயாலேயே சொல்லிவிடு" என்று பதில் வந்தது.