அந்த விமானம் வழி தவறாமல் இருந்திருந்தால்...

1940 ஜனவரி 10. மேற்கு ஜெர்மனியில் கடும் பனிமூட்டம். ம்யூன்ஸ்டரிலிருந்து கொலோனுக்குக் கிளம்பிய ஒரு சின்ன விமானம் வழி தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தது.

ஓட்டியவர் மேஜர் ஹோன்மன்ஸ். கூட வந்தவர் மேஜர் ரைன்பெர்கர். முதல் நாள்தான் அதிகாரிகள் மெஸ்ஸில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ரைன்பெர்கருக்குக் கொலோனில் ஒரு கூட்டம். ரயிலில் போக அலுப்பு. "நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்றார் ஹோன்மன்ஸ். அவருடைய மனைவி கொலோனில்தான் இருந்தார். அழுக்குத் துணிகளை அவரிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்பது இவர் கணக்கு :-)

ரைன் நதியைத் தாண்டியதே தெரியாமல் விமானம் மேற்கே போய்விட்டது. எஞ்சின் நின்றது. எப்படியோ ஒரு வயலில் இறக்கினார்கள். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது பெல்ஜியம்! மாஸ் நதிக்கரையில் மெக்கெலன் என்ற ஊருக்குப் பக்கம்.

ரைன்பெர்கரின் முகம் வெளுத்தது. அவர் பையில் இருந்தவை பெல்ஜியத்தையும் ஹாலந்தையும் தாக்குவதற்கான ஜெர்மன் திட்டத்தின் பக்கங்கள். ஒரு விவசாயியிடம் தீப்பெட்டி வாங்கிக் கொளுத்தப் பார்த்தார். அதற்குள் எல்லைக் காவலர்கள் வந்துவிட்டார்கள். காவல் சாவடியிலும் விடவில்லை, காகிதங்களைத் தூக்கி அங்கிருந்த அடுப்புக்குள் திணித்தார். ஒரு பெல்ஜிய கேப்டன் வெறுங்கையை விட்டு வெளியே இழுத்தார். கை சுட்டது. ஆனால் பாதிக் கருகிய பக்கங்கள் கிடைத்துவிட்டன.

ஹிட்லர் அப்போது தாக்குதலுக்குக் குறித்திருந்த தேதி ஜனவரி 17. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, மோசமான வானிலையும் சேர்ந்துகொள்ள, அது தள்ளிப்போனது. கடைசியில் தாக்குதல் நடந்தது மே 10 அன்று, முற்றிலும் வேறு ஒரு திட்டத்தோடு.

சரி, அந்த விமானம் ஒழுங்காகக் கொலோனில் இறங்கி, வானிலையும் ஒத்துழைத்து, ஜனவரி 17 அன்றே போர் நடந்திருந்தால்?

பழைய திட்டத்தில் ஜெர்மனியின் முக்கிய பலம் பெல்ஜியத்தின் சமவெளி வழியாக வருவதாக இருந்தது. பிரெஞ்சுத் தளபதி கமலான் எதிர்பார்த்ததும் அதையேதான். தன்னிடம் இருந்த மிகச் சிறந்த படைகளையும் பிரிட்டிஷ் படையையும் அந்தப் பக்கம் அனுப்பத்தான் அவர் தயாராக இருந்தார். அதாவது பலத்தோடு பலம் நேருக்கு நேர் மோதியிருக்கும்.

அப்படி மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஒரு சின்ன சாம்பிள் நிஜமாகவே உண்டு. 1940 மே 12 முதல் 15 வரை பெல்ஜியத்தில் ஹன்னூ, ஜாம்ப்ளூ என்ற இடங்களில் பிரெஞ்சுப் படையும் ஜெர்மன் டாங்கிப் படையும் மோதின. ஹன்னூவில் இரண்டு பக்கமும் பலத்த சேதம். ஜாம்ப்ளூவில் ஜெர்மானியரின் முன்னேற்றத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் தடுத்தே நிறுத்தினார்கள். 'கோழைகள், சண்டையே போடவில்லை' என்று பிரான்ஸைக் கேலி செய்பவர்கள் இந்த நான்கு நாட்களைப் படிக்க வேண்டும். ஜனவரியில் போர் வந்திருந்தால் ஜெர்மனி தோற்றிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆறே வாரத்தில் பிரான்ஸ் விழுந்திருக்கும் என்று நம்புவது ரொம்பக் கஷ்டம்.

நிஜத்தில் நடந்தது என்ன? மான்ஸ்டைன் என்ற ஜெர்மன் ஜெனரல் 1939 அக்டோபரிலிருந்தே ஒரு யோசனையை மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். 'பெல்ஜியத்தில் போக்குக் காட்டுவோம், நிஜ அடியை ஆர்டென் காடு வழியாகக் கொடுப்போம்.' மேலிடம் கண்டுகொள்ளவில்லை. பிப்ரவரி 17 அன்று அவருக்கு ஹிட்லரை நேரில் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது. அதே மாதத்தில் திட்டம் மாறியது. ஆனால் கமலானின் மனம் மாறவில்லை. மாறாக, முன்பு ரிசர்வாக வைத்திருந்த ஏழாவது ராணுவத்தையும் மார்ச்சில் ஹாலந்தை நோக்கிய வேலைக்கு ஒதுக்கிவிட்டார்.

எதிரியின் திட்டமே கையில் கிடைத்தது. அது போலி அல்ல, நிஜம். அதுதான் வினையாகவும் போனது! ஏற்கெனவே நம்பியிருந்ததை அந்தக் கருகிய காகிதங்கள் இன்னும் உறுதி செய்தன. போன வருஷத்து ஐந்தொகையைப் பார்த்து இந்த வருஷம் கடன் கொடுத்த வங்கியின் கதை மாதிரி. கணக்கில் பொய் இல்லை, காலாவதியாகியிருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாப் பழியையும் ஒரு விமானத்தின் மேல் போட்டுவிடலாமா? கூடாது. அதற்குப் பிறகும் வரலாறு திரும்பியிருக்கக்கூடிய இடங்கள் இருந்தன.

முதலாவது, அதே ஜனவரி. தாக்குதல் வரப்போகிறது என்ற பயத்தில் பெல்ஜியத் தளபதி, நேச நாட்டுப் படைகள் உள்ளே வர வசதியாக எல்லைத் தடுப்புகளை அகற்றச் சொன்னார். மன்னர் மூன்றாம் லியோபோல்ட் சம்மதிக்கவில்லை. தடுப்புகள் மறுபடி வந்தன, தளபதி பதவியை இழந்தார். மன்னருக்கும் ஒரு நியாயம் இருந்தது. 1914-இல் மிதிபட்ட நாடு அது. யாரையாவது உள்ளே விட்டால் அதையே சாக்காக வைத்து ஜெர்மனி பாயும் என்று பயந்தார். ஆனால் அன்று விட்டிருந்தால், மே மாதம் அவசர அவசரமாக ஓடிவந்த படைகள், நான்கு மாதம் முன்பே குழி வெட்டித் தயாராக இருந்திருக்கும்.

இரண்டாவது, மே 10. ஆர்டெனில் போடான்ஜ் என்ற சிற்றூர். பின்வாங்கும் உத்தரவு வந்து சேராததால் பெல்ஜிய வீரர்களின் ஒரு சிறு பிரிவு அங்கேயே நின்று, ஒரு முழு டாங்கி டிவிஷனைப் பல மணி நேரம் நிறுத்தியது. உத்தரவு கிடைக்காதவர்களே இவ்வளவு செய்தார்கள் என்றால், 'இங்கே நில்லுங்கள்' என்றே ஆர்டெனில் எல்லோருக்கும் உத்தரவிட்டிருந்தால்?

மூன்றாவது, அடுத்த இரண்டு நாட்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் வண்டிகள் குறுகிய காட்டுப் பாதைகளில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தேங்கி நின்றன. பிரெஞ்சு விமானிகள் பார்த்தார்கள், சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் நம்பவில்லை. 13-ஆம் தேதி செடானில் மாஸ் நதியைக் கடந்தார்கள். 20-ஆம் தேதி கடற்கரையில் நின்றார்கள். இடையே 16-ஆம் தேதி பாரிஸ் வந்த சர்ச்சில், ரிசர்வ் படை எங்கே என்று கேட்டார். இல்லை என்று பதில் சொன்னார் கமலான்.

ஜூன் 22-இல் பிரான்ஸ் சரணடைந்தது. அதன் விளைவு ஐரோப்பாவோடு நிற்கவில்லை. அந்த செப்டம்பரிலேயே ஜப்பான் பிரெஞ்சு இந்தோசீனாவின் வடக்கில் கால் வைத்தது. பிரான்ஸின் கையில் இருந்த நம்ம புதுச்சேரியின் கவர்னர் பொன்வென் கூட, விஷியா டி கோலா என்று முடிவெடுக்க வேண்டி வந்தது. அவர் டி கோல் பக்கம் நின்றார்.

நடந்து முடிந்ததைப் பற்றி 'இப்படி நடந்திருந்தால்' என்று பேசுவது வெட்டி வேலை என்று பலர் சொல்வார்கள். ஆனால் தோல்வி தவிர்க்க முடியாதது என்று அன்று முதலில் சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். ஆட்சிக்கு வந்த பெத்தேன், மக்களின் சுகபோக ஆசைதான் நாட்டைக் கெடுத்தது என்று வானொலியில் பேசினார். நாடே அழுகியிருந்தது என்றால் தளபதிகளின் தவறைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் இல்லையா? முந்தைய பிரதமர்கள் ப்ளூமையும் தலாதியேவையும், கூடவே கமலானையும் 1942-இல் ரியோமில் கூண்டில் ஏற்றினார்கள். இரண்டு தலைவர்களும் எதிர்க் கேள்வி கேட்கக் கேட்க வழக்கு பாதியிலேயே நிறுத்தப்பட்டது!

அந்தப் போரில் பணிபுரிந்த வரலாற்றாசிரியர் மார்க் ப்ளோக், தோற்ற அதே வருஷம் உட்கார்ந்து எழுதினார். விதியின் மேல் பழி போடவில்லை. தலைமையின் யோசனை எங்கே மழுங்கியது என்று தேடினார், தன் தலைமுறையையும் விடவில்லை. 1944-இல் ஜெர்மானியர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். புத்தகம் 1946-இல்தான் வெளிவந்தது.

'எப்படியும் தோற்றிருப்போம்' என்பது ஆறுதலான வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் யாரும் கணக்கு காட்ட வேண்டியதில்லை. 'தோற்காமலும் இருந்திருக்கலாம்' என்று சொன்னால்தான் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும்.