ரோடு ராஷுக்காக ஒரு கம்ப்யூட்டர்

மகள் படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினேன் என்றுதான் ஆந்திராவில் இருக்கிற எங்கள் ஊர் குடுபல்லியில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் சொன்னேன். சீட்டுப் பணத்தை எடுத்து நீட்டிய மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. மற்ற பாதி, எனக்கு ரோடு ராஷ் ஆட வேண்டும் என்ற ஆசை.

இளவயதில் எனக்குப் பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை. குப்பத்துக்கும் பிசாநத்தத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஸ்டேஷனில் ரயிலேறினால் பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர். 1864ல் திறந்த அந்தப் பாதைதான் இன்றைக்கும் எங்கள் பக்கத்து ஆட்களைக் காலையில் கொண்டுபோய் இரவில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. சம்பள நாளில் கூட வேலை பார்த்த பையன்கள் பிரவுசிங் சென்டருக்குப் போய், மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி ரோடு ராஷ் ஆடுவார்கள். பைக்கில் பறந்துகொண்டே பக்கத்தில் வருகிறவனைச் சங்கிலியால் அடித்துத் தள்ளுகிற விளையாட்டு. என் சட்டைப்பையில் இருந்தது வீட்டுக்குப் போக வேண்டிய காசு. அதனால் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி.

தலை நரைத்த தையல்காரன் இந்த ஆசையை எந்த முகத்தோடு வெளியே சொல்வது? சொல்லாமல் மறைத்தேன். மறைத்த ஆசை பட்டியலை எப்படி வீங்க வைத்தது என்பதுதான் இங்கே சொல்ல வந்த கதை. புதிதாகச் சின்னதாய், சிக்கனமாய் ஒரு கம்ப்யூட்டர் சேர்க்க நினைப்பவர்களுக்கு உதவும்.

2024ல் போனில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் எழுதினேன். தலைப்பு: 'படிப்புக்கு'. முதல் வரி: கிராபிக்ஸ் கார்டு. அது வந்ததும் அதற்குத் தனி மின்கம்பி வேண்டும் என்றார்கள். எனவே பெரிய எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே கரெண்ட் தருகிற பெட்டி. கார்டின் நீளம் ஒரு முழத்தில் பாதி. எனவே பெரிய கேபினட். சூடு கூடும் என்பதால் கூடுதல் விசிறிகள். கூட்டிப் பார்த்தால் சீட்டுப் பணம் போதவில்லை. அது போதாதென்று, கம்ப்யூட்டரை வைக்க எங்கள் வீட்டில் இருந்த இடம் சுவரில் இருக்கிற ஒரு மாடம்தான். அதற்குள் அந்தக் கேபினட் நுழையவே நுழையாது.

குப்பத்தில் டிகிரி படிக்கிற மகள் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது இன்னாத்துக்கு நைனா?"

"உன் படிப்புக்குத்தாம்மா. வேகமா ஓடும்."

"நான் எழுதறது சி-யும் பைத்தானும். அதுக்கு கார்டு வேணாம். நெஜத்த சொல்லு."

சொன்னேன். சிரிப்பாள் என்று பயந்தேன், சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அந்தக் காலத்து பிரவுசிங் சென்டர் பொட்டியிலயே ஓடுன கேமுக்கா இவ்ளோ பெரிய கார்டு?"

அவ்வளவுதான். கார்டு போயிற்று, அதோடு பெரிய எஸ்எம்பிஎஸ், பெரிய கேபினட், விசிறிகள் எல்லாம் வரிசையாகப் போயின. உண்மையைச் சொன்ன மாத்திரத்தில் மிச்சமான பணம்தான் என் வாழ்நாளிலேயே சுலபமாகச் சம்பாதித்த பணம். என்ன வேலைக்கு என்பதை மறைத்து எழுதும் பட்டியலில் ஒவ்வொரு பொருளும் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டுதான் வரும்.

அதற்குப் பிறகு முறையாக உட்கார்ந்தோம். முதலில் மாடத்தை இஞ்சு டேப்பால் அளந்தோம். கேபினட்டின் அளவு மட்டும் பார்த்தால் போதாது. பின்னால் ஒயர்கள் வளைவதற்கு இரண்டு மூன்று அங்குலம், சூடான காற்று வெளியேற மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும். மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த இடத்தில் பெட்டியை இறுக்கித் திணித்தால், விட்ட காற்றையே திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கும்.

சின்னக் கம்ப்யூட்டர் என்றதும் எல்லாரும் மினி-ஐடிஎக்ஸ் என்பார்கள். 2001ல் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு அது. மதர்போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் நம் ஊரில் அதே வேலை செய்கிற மைக்ரோ-ஏடிஎக்ஸ் போர்டைவிட அதன் விலை நன்றாகவே கூடுதல். அந்தச் சின்னக் கேபினட்டுகள் பலவற்றுக்கு எஸ்எஃப்எக்ஸ் என்ற குட்டி எஸ்எம்பிஎஸ் வேண்டும். அதற்கும் விலை அதிகம், கெட்டுப்போனால் பக்கத்து டவுனில் கிடைக்காது. மைக்ரோ-ஏடிஎக்ஸ் 24.4 சென்டிமீட்டர் சதுரம். மகள் பழைய காலண்டர் அட்டையை அந்த அளவுக்கு வெட்டி மாடத்தில் நிறுத்திக் காட்டினாள். நின்றது. சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்துகிற சின்ன மைக்ரோ-ஏடிஎக்ஸ் கேபினட் என்று முடிவாயிற்று. குறைந்த பணத்தில் சின்னப் பெட்டி வேண்டுகிறவர்களுக்கு என் சிபாரிசும் அதுதான். மிகச் சிறியதைத் தேடினால் சிக்கனம் கைநழுவும்.

இனி பிராசசர். எது வேகம் என்பதைவிட எது எதோடு சேரும் என்பதே பெரிய கேள்வி. இண்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை பிராசசர்கள் எல்ஜிஏ 1700 என்ற ஒரே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் உட்கார்ந்ததெல்லாம் ஓடிவிடாது. கடையில் வெகுநாள் கிடந்த எச்610 ரக மதர்போர்டில், அதை எழுப்பிவிடும் பயாஸ் என்ற மென்பொருள் பழையதாக இருந்தால், 14ஆம் தலைமுறை பிராசசரை அது அடையாளம் கண்டுகொள்ளாது. திரை கருப்பாகவே நிற்கும். பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்ல வேண்டும். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று 12ஆம் தலைமுறை ஐ3-12100 எடுத்தோம். 2022ல் வந்தது, நாலு கோர், திரைக்கான கிராபிக்ஸும் அதற்குள்ளேயே இருக்கிறது.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பொருள் வாங்கும்போது இந்தக் கடைசி விஷயத்தில்தான் கவனமாக இருந்தோம். சதர் பத்ரப்பா ரோடு என்பது முழுப் பெயர். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ பெங்களூருக்கு அது அப்படி. கடைக்காரர் ஒருவர், "அண்ணா, இதே பிராசசர் 'எஃப்' போட்டது இருக்கு, விலை கம்மி" என்றார். பெயருக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். தனிக் கார்டு போடுகிறவர்களுக்கு அது நல்ல பேரம். கார்டு வாங்காத எங்களுக்கு மானிட்டரில் ஒரு புள்ளிகூட வராது. ஏஎம்டியிலும் இதே கதை: ரைசன் 5 5600ஜி என்றால் படம் வரும், வெறும் 5600 என்றால் வராது. ஒரே ஓர் எழுத்துதான், ஆனால் மொத்தக் கணக்கையும் மாற்றிவிடும்.

ரேமிலும் இப்படி ஒன்று உண்டு. ஐ3-12100க்கு டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ஒத்துவரும். ஆனால் மதர்போர்டு ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும். இரண்டிலும் 288 கால்கள் இருந்தாலும் நடுவில் இருக்கிற வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தித் திணித்தால் போர்டுதான் உடையும். டிடிஆர்4 போர்டு மலிவு என்பதால் அதையே எடுத்தோம். எச்610 போர்டில் ரேமுக்கு இரண்டே ஸ்லாட்கள்தான். ஒரே 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போட்டால், ரேமைப் பங்குபோட்டுக்கொள்ளும் உள் கிராபிக்ஸ் இன்னும் நன்றாக ஓடும். எஸ்எஸ்டியில் பார்வைக்கு ஒரே மாதிரியான எம்.2 குச்சிகளில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு ஜாதி. போர்டின் கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். நண்பர் சும்மா கொடுக்கிறார் என்று பழைய பிராசசர் கூலரை வாங்கிவிடாதீர்கள். முந்தைய சாக்கெட்டுகளில் திருகு துளைகளுக்கு இடைவெளி 75 மில்லிமீட்டர், எல்ஜிஏ 1700ல் 78. மூன்று மில்லிமீட்டர் தையலில் மடித்து அடித்துவிடலாம், இங்கே முடியாது. பிராசசர் பெட்டியோடு வருகிற கூலரே எங்கள் வேலைக்குத் தாராளம்.

பழைய மானிட்டரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம். அதில் விஜிஏ வாய் மட்டும்தான் இருந்தது. எச்610 போர்டுகள் பலவற்றில் இன்னும் விஜிஏ வாய் உண்டு. அப்படி ஒன்றைக் கேட்டு வாங்கியதால் மானிட்டர் செலவு மிச்சம். மலிவுப் போர்டில் வைஃபை இருக்காது. போனை யுஎஸ்பி கம்பியில் மாட்டி நெட் எடுத்துக்கொள்கிறோம்.

எல்லாவற்றையும் கடையிலேயே மாட்டச் சொல்லி, திரையில் படம் வந்த பிறகே காசு கொடுத்தோம். பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்கினோம். ஊர் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மாற்றித்தரச் சொல்லி வருவதென்றால் ஒரு நாள் பிழைப்பு போய்விடும்.

வீடியோக்களில் யாரும் சொல்லாத இன்னொரு விஷயம் கரெண்ட். எங்கள் பக்கம் போர் மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் விளக்கு மங்கும். மோட்டார் நின்றால் பளிச்சென்று ஏறும். கேபினட்டோடு சேர்த்துத் தருகிற மலிவு எஸ்எம்பிஎஸ் பலவற்றில் 200 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும். 100 முதல் 240 என்று போட்டதைத் தேடி வாங்கினோம். வோல்டேஜ் இறங்கினாலும் அது தாக்குப்பிடிக்கிறது. 450 வாட், கம்பெனி வாரண்டி உள்ளது. பிராசசருக்குக் கரெண்ட் தரும் எட்டு முள் கம்பி அதில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பாணி எஸ்எம்பிஎஸ்களில் நாலு முள்தான் வரும்.

வீட்டு இன்வெர்ட்டர் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு: ஒரு பக்கம் சாதாரணம், மறு பக்கம் யுபிஎஸ். கரெண்ட் போனால் எஸ்எம்பிஎஸ் தன் சேமிப்பில் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி செகண்ட். சாதாரண நிலையில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட நேரம் பிடிக்கும். கம்ப்யூட்டர் அணைந்து எழும். யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்றது. பொருள் பழுதில்லை, பழைய ஓட்டு வீட்டில் எர்த் கம்பியே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்இரைச்சலை வடிகட்டுகிற சின்னக் கெப்பாசிட்டர்கள் கேபினட் உடம்போடு சேர்ந்திருக்கும். எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு நம் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் அடித்தோம். கம்ப்யூட்டர் பட்ஜெட்டில் இந்தச் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். என் தையல் மோட்டாருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அதனால் பாதுகாப்பு வந்தது.

புதிதாகச் சேர்க்கத்தான் வேண்டுமா என்றும் கேட்கலாம். ஆபீஸ்களில் இருந்து கழித்துவிட்ட டெல், லெனோவோ, எச்பி குட்டிப் பெட்டிகள், ஒரு தடித்த புத்தகம் அளவில், பாதி விலைக்கே கிடைக்கின்றன. படிப்புக்கும் எழுத்துக்கும் அவை போதும். ஆனால் அவற்றின் போர்டும் அடாப்டரும் அந்தந்த மாடலுக்கே ஆனவை. ரேமும் லேப்டாப் ரகம். விண்டோஸ் போடுவதென்றால் பெட்டியின் வயதையும் பார்க்க வேண்டும்: விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இண்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11க்கு அங்கீகரிப்பதில்லை. லினக்ஸ் போடுவதாக இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

எங்கள் பெட்டியில் மகள் லினக்ஸ்தான் போட்டாள், உரிமத்துக்குக் காசில்லை. அதில் அவளுக்குத் தெலுங்கு கீபோர்டு இருக்கிறது, எனக்குத் தமிழ்99 இருக்கிறது. ரோடு ராஷுக்குப் பதில் சூப்பர் டக்ஸ்கார்ட் என்ற இலவசப் பந்தய விளையாட்டைக் காட்டிக் கொடுத்தாள். சங்கிலி அடி இல்லை. பென்குயின் வண்டி ஓட்டுகிறது. கார்டே இல்லாத பெட்டியில் தாராளமாக ஓடுகிறது. கடை சாத்திய பிறகு கொஞ்ச நேரம் ஆடுகிறேன். மனைவிக்குத் தெரியும். சீட்டுப் பணம் எதற்குப் போனது என்று தனக்கு முன்பே தெரியும் என்கிறாள்.

2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. இனி வாங்குகிறவர்கள் இன்னும் கணக்காக இருக்க வேண்டும். எனவே கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் இந்த வரிசையில் எழுதுங்கள்: யாருக்கு என்ன வேலைக்கு, எங்கே வைப்பது, வீட்டில் கரெண்டும் எர்த்தும் எப்படி, கையில் இருக்கிற பழைய பொருள் எது. பிராசசர் பெயரை ஐந்தாவதாக எழுதினால் போதும். முதல் வரியில் மட்டும் பொய் எழுதாதீர்கள்.