எங்கள் பாட்டுக் கோஷ்டி

கல்லூரியிற் படித்தவை மறந்துபோன பின்னரும், கல்லூரியிற் பாடியவை மறப்பதில்லை. கேத்திரகணிதத் தேற்றங்களுள் ஒன்றேனும் இன்று எம் நினைவில் இல்லை. ஆனால், 1973ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் எமது கல்லூரி மேடையில் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டைப் பாடினோம் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்போம்.

பொப் இசை எம் நாட்டு இளைஞரைப் பிடித்தாட்டிய காலம் அது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாட்டை முணுமுணுக்காத மாணவன் இல்லை. ஏ. ஈ. மனோகரனின் குரலை இலங்கை வானொலி ஊரூராகக் கொண்டு சென்றது. சங்கீத ஆசிரியர் காதைப் பொத்திக்கொள்ள, நாங்கள் நால்வர் ஒரு கோஷ்டி அமைத்தோம். ஒருவனுக்குக் கிற்றார், இன்னொருவனுக்கு ஆர்மோனியம், எமக்கு வாய்த்தது பொங்கோ. நான்காமவன் பாடகன்.

கிற்றார் வந்த கதை சுவையானது. அப்போது வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு. பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கவேண்டும். அதே கட்டுப்பாட்டினால் யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. நண்பனின் தகப்பனார் மிளகாய் விற்ற காசுடன் யாழ்தேவியிற் கொழும்புக்குப் போய், பழைய கிற்றார் ஒன்றை வாங்கி வந்தார். சில வாரங்களில் அதன் கம்பி அறுந்தது. கடைகளிலோ கம்பி இல்லை. சைக்கிள் பிறேக் கம்பியில் ஓர் இழையை உருவிக் கட்டினோம். கிற்றாரைத் தந்ததும் அந்தக் கட்டுப்பாடுதான். கம்பியைத் தராததும் அதுவேதான்!

எங்கள் பாடகனுக்குத் திக்குவாய். தன் பெயரைச் சொல்லி முடிக்க அவனுக்கு அரை நிமிடம் வேண்டும். பாடத் தொடங்கினாலோ ஓரெழுத்தும் தடுக்காது. திக்குவாயுள்ளோர் பலர் பாடும்போது திக்குவதில்லை என்பதைப் பின்னாளில் அறிந்தோம். அன்று அதை நல்லூர்க் கந்தனின் அருளென்றே நம்பினோம்.

கல்லூரிக் கலைவிழா வந்தது. அயலிலிருந்த பெண்கள் கல்லூரி மாணவியரும் வந்திருந்தனர். இரண்டாம் வரிசையில் இரட்டைப் பின்னலுடன் இருந்த ஒருத்தியை நால்வரும் பார்த்தோம். பார்த்ததை நால்வரும் மறைத்தோம். விழா முடிந்து வேப்பமரத்தடியில் நின்றபோது, தோழியருடன் அவளே எம்மிடம் வந்தாள்.

“நல்லாப் பாடினீங்கள். ஆரிட்டப் பழகினீங்கள்?” என்று பாடகனைக் கேட்டாள்.

அவன் உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சொல் வரவில்லை. அவள் சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, “பாடத்தான் வாய் இருக்குப்போல, எங்களோட கதைக்க இல்லை” என்று சொல்லிப் போய்விட்டாள்.

மற்ற மூவரும் சிரித்தோம். வேடிக்கைக்காகச் சிரித்தோம் என்று நெடுங்காலம் எம்மையே ஏமாற்றி வந்தோம். அவள் எம்மிடம் கேட்கவில்லையே என்ற பொறாமையும் அச்சிரிப்பில் இருந்தது.

அடுத்த வாரம் அவன் பயிற்சிக்கு வரவில்லை. ‘பரீட்சை நெருங்குகிறது’ என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதியனுப்பினான். கோஷ்டி அத்துடன் கலைந்தது. 1983இன் பின் அவன் கனடாவுக்குப் போனான். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வருவதும் நின்றது. 2014இல் அது மீண்டும் ஓடத் தொடங்கிய மறு ஆண்டு, யாழ்தேவியில் அவன் வந்து இறங்கினான். கிற்றார்க்காரன் அதற்குள் காலமாகிவிட்டான். வரவேற்க நின்றவர்கள் நாமும் ஆர்மோனியக்காரனும் மட்டுமே.

அன்றிரவு முற்றத்திலிருந்து அந்த வேப்பமரத்தடிச் சிரிப்புக்கு மன்னிப்புக் கேட்டோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. இம்முறை நாம் காத்திருந்தோம். இடையிடையே தடைப்பட்டு, அவன் சொன்னது இதுதான்:

“சிரிச்சது பெரிசில்லை மச்சான். ‘இவன் கொஞ்சம் திக்குவான், பொறுங்கோ’ எண்டு ஒருத்தனாவது அவவுக்குச் சொல்லியிருக்கலாம்.”

கல்லூரியிற் கோஷ்டி அமைத்திருக்கும் மாணவச் செல்வங்களே, பாடகன் மூச்செடுக்க வாத்தியக்காரன் பொறுப்பது கோஷ்டியின் முதற் பாடம். மேடையில் அதை நாம் நன்றாகவே செய்தோம். மேடையை விட்டு இறங்கி, வேப்பமரத்தடியில் அரை நிமிடம் பொறுக்கத்தான் எமக்குத் தெரியாமற்போயிற்று.