முதற்குடம்

அன்றாட வாழ்வில் ஒரு முஸ்லிம் இறைவனுக்கு எவ்வாறு நன்றி செலுத்துகிறான் என்பது பற்றி ஏதேனும் எழுதித் தரவேண்டும் என்று நமது சங்கத்தின் காரியதரிசி என்னைக் கேட்டுக்கொண்டார். நான் ஆலிம் அல்லன். அபர்தீன் பஜாரில் குழாயும் வாளியும் பிளாஸ்டிக் தொட்டியும் விற்றுப் பிழைப்பவன். எனவே மார்க்க விளக்கத்தை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். நன்றி என்னும் சொல்லின் பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு குடம் தண்ணீர். அதுவும் நான் கொடுக்க மறுத்த தண்ணீர். அதனை எழுதுவது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் கேட்டுவிட்டார், எழுதுகிறேன்.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில், எங்கள் வீடு டாலிகஞ்சில் இருக்கிறது. கீழக்கரையிலிருந்து புறப்பட்டு, சென்னையில் கப்பலேறி, மூன்று நாள் கடலை மட்டுமே பார்த்துக்கொண்டு நான் இங்கு வந்து இறங்கியது 1988இல். இறங்கிய அன்று பெய்த மழையைக் கண்டு, இனித் தண்ணீர்க் கவலை தீர்ந்தது என்று எண்ணினேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் மண் இது. எங்கள் இராமநாதபுரச் சீமையில் பெய்வதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் மலைச்சரிவில் விழும் மழை நின்று தங்காமல் கடலுக்கு ஓடிவிடுகிறது. தை பிறந்தால் வானம் வறண்டுவிடும். 1973 முதல் நகரம் பெரிதும் நம்பியிருப்பது தனிக்காரி அணையை. அணை இறங்க இறங்க, குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு இரண்டு நாள் விட்டு ஒருநாள் என்று முறை நீளும். இங்கு வாழும் தாய்மார்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கூரைத் தகரத்தின் ஓரத்தில் வைத்த பீப்பாய் எந்த மாதத்தில் வற்றும் என்று அவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள்.

வாப்பா காலமான பின், 1994இல் என் உம்மாவை இங்கு அழைத்து வந்தேன். உம்மாவுக்குத் தண்ணீரைப் பற்றித் தனியான ஒரு மரியாதை உண்டு. சிறுமியாய் இருந்தபோது மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும்வரை காத்திருந்து, கொட்டாங்கச்சியால் கோரிக் குடம் நிரப்பியவர். குடிக்கும்போது மூன்று மூச்சாகக் குடிப்பார். முடிவில் 'அல்ஹம்துலில்லாஹ்' என்பார். 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்பது அதன் பொருள். நானும் சொல்வேன். தும்மினால் சொல்வேன், உண்டு முடித்தால் சொல்வேன், தொழுகைக்குப் பின் விரல் மடக்கி முப்பத்து மூன்று முறை சொல்வேன். கோடையில் என் கடையில் பீப்பாய்கள் நன்றாக விற்கும். கல்லாவை மூடும்போதும் சொல்வேன். ஊர் வறண்டால் என் கடை செழிக்கிறதே என்ற எண்ணம் அந்நாளில் எனக்கு ஒருமுறைகூட எழவில்லை.

தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால் முதலியவற்றைக் கழுவிச் சுத்தம் செய்துகொள்வதை உளூ என்கிறோம். நான் குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்வது உம்மாவுக்குப் பிடிக்காது. ஒருநாள் ஒன்றும் பேசாமல் குழாயின் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுப் போனார். நான் முடித்தபோது வாளியில் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு 'முத்து' அளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்பது ஹதீஸ். ஏறக்குறைய முக்கால் லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் வீண் செய்யலாகாது என்றும் நாயகம் அவர்கள் சொன்னதாக உண்டு. உம்மா படித்தவரல்லர், மூக்குக் கெண்டி ஒன்று வைத்திருந்தார். அது நிறைய எடுத்தால் அவருக்கு அஸர், மக்ரிப் இரண்டு தொழுகைக்கும் போதும்.

நிற்க. பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டு அம்மையாரை நான் அக்கா என்றுதான் அழைப்பது. உம்மா அவரைத் தங்கச்சி என்பார். அவர்கள் கொல்லையில் உறை இறக்கிய கிணறு ஒன்று இருந்தது. எங்கள் வீட்டிற்குக் குழாய் இணைப்பு வரும்வரை பத்தாண்டுகளுக்குமேல் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தோம், குளித்தோம், அதிலேதான் நோன்புக் கஞ்சியும் காய்ச்சினோம். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் நிலம் ஆடியதே, அதற்குப் பிந்தைய நாட்களில் எங்கள் தெருவில் குழாய் வறண்டு கிடக்க, அக்கா கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டார். வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் எல்லாரும் வரிசையில் நின்று இறைத்துச் சென்றார்கள்.

அந்த நாட்களில் ஒருமுறை சிப்பிகாட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நிலம் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்துவிட்டதால், நெல் விளைந்த வயல்களில் கடல் புகுந்து அப்படியே தங்கிவிட்டது. வரப்பில் நின்ற தென்னைகள் உப்பில் பட்டுப் போயின. திருக்குர்ஆனில் 'வாகிஆ' என்னும் அத்தியாயத்தில், நீங்கள் குடிக்கும் நீரை நாடினால் கசப்பானதாக ஆக்கிவிடுவோமே, நீங்கள் நன்றி செலுத்த வேண்டாமா என்று இறைவன் வினவும் இடம் ஒன்று உண்டு. பலமுறை ஓதிய இடந்தான். சிப்பிகாட்டில் நின்றபோதுதான் அதன் பொருள் என் நெஞ்சில் தைத்தது. கசப்பு நீரைக் குடிநீராக்க மனிதன் என்ன பாடுபடுகிறான் என்பதற்கும் எங்கள் ஊரிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. 2005இல் இலட்சத்தீவின் கவரத்தியில், நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் கடல் நீரை நன்னீராக்கும் நிலையத்தை அமைத்ததே தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், அதன் மையம் ஒன்று டாலிகஞ்சில்தான் இருக்கிறது. நான் கடைக்குப் போகும்போதெல்லாம் அந்த மையத்தை நினைத்துக்கொள்வதுண்டு.

இவ்வளவும் கண்டு, இவ்வளவும் நினைத்தவன் என்ன செய்தேன் என்பதை இனிச் சொல்கிறேன்.

சில ஆண்டுகள் கழித்து எங்களுக்கும் குழாய் வந்தது. கடையிலிருந்தே ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்து வந்து மேலே ஏற்றினேன். அடுத்து வந்த ஒரு கடுங்கோடையில் அக்கா வீட்டுக் கிணறு சேறு கண்டது. அவர்கள் வீட்டுக் குழாயிலும் அழுத்தம் இல்லை. ஒருநாள் இரவு இஷாத் தொழுகையை முடித்து, விரல் மடக்கி முப்பத்து மூன்று முறை இறைவனைப் புகழ்ந்துவிட்டு எழுந்தேன். வாசலில் அக்காவின் மகன் குடத்தோடு நின்றான்.

"மாமா, அம்மா ஒரு குடம் தண்ணி வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"எங்களுக்கே இல்லை தம்பி. நாளை மறுநாள்தான் குழாய்" என்றேன்.

தொட்டியில் பாதி இருந்தது. நாளை மறுநாள் தண்ணீர் வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம் ஒன்று. என் தொட்டி, என் காசு என்ற எண்ணம் மற்றொன்று. பையன் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனான். திரும்பிப் பார்த்தால் உம்மா அடுக்களை வாசலில் நிற்கிறார்.

"தொட்டியிலே தண்ணி இல்லையாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அவரும் மேலே பேசவில்லை. அடுக்களையில் தம் பங்குக்கென்று மூடி வைத்திருந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். அப்போது அவருக்கு எழுபது வயதுக்குமேல். நான் ஓடிச்சென்று வாங்கப் போனேன், தரவில்லை. இருட்டில் அடிமேல் அடிவைத்து அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். அந்த இரண்டு நாளும் கெண்டித் தண்ணீரிலேயே தம் காரியத்தை முடித்துக்கொண்டார். தொட்டியிலிருந்து நான் எடுத்து வைத்ததை அவர் தொடவேயில்லை. என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

தாவூது நபியின் குடும்பத்தாரைப் பார்த்து நன்றியைச் செயலாகச் செய்யும்படி இறைவன் பணிப்பதாகத் திருக்குர்ஆனில் வருகிறது. 'நன்றி சொல்லுங்கள்' என்றில்லாமல் 'செய்யுங்கள்' என்றிருப்பதை அதற்குமுன் நான் கவனித்ததில்லை. இமாம் கஸ்ஸாலி அவர்களும் தம் 'இஹ்யா'வில் நன்றியை அறிவு, உள்ளத்தின் நிலை, செயல் என மூன்றாக வகுத்திருக்கிறார்கள். என்னிடம் இருந்தது நாக்கு ஒன்றுதான். அதுவும் இறைவனிடம் மட்டும் பேசிய நாக்கு. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவனாகான் என்ற ஹதீஸை வெள்ளிக்கிழமைப் பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பத்தாண்டுகளுக்குமேல் ஒரு வீட்டுக் கிணற்றைக் குடித்துவிட்டு, அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. நம் தமிழர் வழக்கத்தில் வீட்டுக்கு வீடு நன்றி கூறுவதில்லை என்பது உண்மையே. சொன்னால் அந்நியம் போலத் தோன்றும். எனினும் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து மழையை வைத்துப் பாடிய வள்ளுவர், செய்ந்நன்றியறிதலுக்கென்று ஓர் அதிகாரமும் வைத்திருக்கிறாரே. வழக்கத்தைக் காரணம் காட்டி நான் தப்ப முடியவில்லை.

மூன்றாம் நாள் விடியலில் குழாய் வந்ததும் முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "அன்று தொட்டியில் தண்ணீர் இருந்தது அக்கா. பொய் சொல்லிவிட்டேன்" என்றேன். அக்கா குடத்தை வாங்கி அடுக்களையில் இறக்கினார். "தெரியும் தம்பி. உம்மா முகத்தைப் பார்த்தபோதே தெரிஞ்சுது" என்றார். பிறகு, "குடத்தை வச்சுட்டுப் போ, வெளக்கித் தாரேன்" என்றார். இத்தனை ஆண்டுத் தண்ணீருக்கு நான் சொல்ல நினைத்துப் போன வார்த்தையைச் சொல்லியும்விட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தண்ணிக்குப் போயா!" என்றார்.

அன்று முதல் குழாய் வரும் நாட்களில் முதற்குடம் அக்கா வீட்டுக்குப் போகிறது. மழைக்காலத்தில் அவர்கள் கிணறு நிறைந்து கிடக்கும், அப்போதும் போகும். "இது என்ன கூத்து" என்று என் மனைவி முதலில் கேட்டாள். இப்போது அவளே எடுத்து வைக்கிறாள். உம்மா 2017இல் மறைந்தார். மையத்தைக் குளிப்பாட்டுவதற்கு வேண்டிய தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்து வந்தது. அக்கா தாமே இறைத்துக் கொடுத்தார்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் தெருவுக்கு வால்வு திறந்துவிடும் ஊழியர் விடியுமுன் வருவார். இத்தனை காலம் அவர் திறந்த தண்ணீரில் உளூச் செய்திருக்கிறேன். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. சுபுஹுத் தொழுகை முடிந்து வரும் வழியில் அவரைக் கண்டு பேசத் தொடங்கினேன். ராஞ்சி வம்சத்தவர். வீட்டிலிருந்து ஒரு குவளைத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து, 'ஷுக்ரியா' என்பேன். பஜாரில் நாளெல்லாம் இந்துஸ்தானியில் வாயில் புரளும் இந்தச் சொல், நாங்கள் தொழுகையில் ஓதும் அரபு மொழியின் 'ஷுக்ர்' என்பதிலிருந்து பிறந்ததே. விற்றுமுதல் வாங்கும்போது இதனைச் சொல்வதற்கும், இருட்டில் வால்வுக் குழிக்குள் குனிந்து நிற்பவரிடம் சொல்வதற்கும் எவ்வளவு வேற்றுமை!

முதல்நாள் நான் அப்படிச் சொன்னபோது, ஏதோ புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்று எண்ணி அவர் நிமிர்ந்து பார்த்தார். இப்போது பழகிவிட்டது. தேநீரைக் குடித்துக்கொண்டே, மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறிற்றா என்று விசாரிப்பார். அக்கா வீடு மேட்டில்தான் இருக்கிறது. பார்த்துவந்து சொல்கிறேன் என்று நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பேன்.