கிழிந்த விண்மீனும் 48 மணி நேரக் கணக்கும்

ஆடி மாதம் இரவு ஒன்பது மணிவாக்கில் காரைக்குடியில் மொட்டைமாடி ஏறி தெற்கே பார்த்தால் தனுசு விண்மீன் கூட்டம் தெரியும். நம் பால்வீதியின் மையம் அந்தப் பக்கம்தான். அங்கே சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறையுள்ள ஒரு கருந்துளை இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. ரொம்ப நெருங்கிப் போகாதவரை கருந்துளை யாரையும் உறிஞ்சாது.

நெருங்கினால்? நிலாவுக்குப் பக்கத்திலுள்ள கடல்நீரை நிலா சற்று அதிகமாக இழுப்பதால்தானே கடல் பொங்குகிறது, அதே கணக்குதான். விண்மீனின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள இழுவை வித்தியாசம் அதன் சொந்த ஈர்ப்பை மிஞ்சினால், அது கிழிந்துவிடும். 10 லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளையிடம் சூரியன் மாதிரி ஒரு விண்மீனுக்கு அந்த எல்லை சுமார் 7 கோடி கிலோமீட்டர். பாதி வாயு வெளியே வீசப்படும்; மீதி கருந்துளையைச் சுற்றித் தட்டாகப் பரவி, சூடாகி ஒளிரும்.

2019-ல் அப்படி ஒரு விண்மீன் கிழிந்தது தெரியவந்தது. தூரம் சுமார் 21 கோடி ஒளியாண்டு. அதாவது அந்த வெளிச்சம் கிளம்பியபோது பூமியில் டைனோசர் காலம்! சில ஆண்டுகள் கழித்து அதே இடத்திலிருந்து ஏறக்குறைய 48 மணி நேரத்துக்கு ஒருமுறை எக்ஸ் கதிர்கள் வெடித்து வந்தன. வேறு சில விண்மீன் மண்டலங்களிலும் இப்படி வெடிப்புகள் தெரிந்திருந்தன, ஆனால் காரணம்தான் பிடிபடவில்லை. 2024-ல் வெளியான ஆய்வு தந்த விளக்கம் இது: இன்னொரு விண்மீனோ சிறிய கருந்துளையோ பெரிய கருந்துளையைச் சுற்றி வருகிறது. செத்த விண்மீனின் தட்டு அதன் பாதை வரை பரவிவிட்டது. தட்டைத் துளைத்துக்கொண்டு போகும்போதெல்லாம் ஒரு வெடிப்பு.

இதைக் கண்டதில் 2015-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நம் ஆஸ்ட்ரோசாட்டுக்கும் பங்கு உண்டு. ஐந்து வருடம் உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்ட செயற்கைக்கோள் அது!

வெடிப்புகளைப் பார்த்த இன்னொரு தொலைநோக்கியின் பெயர் சந்திரா. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்த பெயர். ஓர் அளவுக்கு மேல் நிறையுள்ள விண்மீன், எரிபொருள் தீர்ந்தபின் வெள்ளைக் குள்ளனாக நிலைக்க முடியாது என்று 1930-ல், 19 வயதில், கணக்குப் போட்டவர். 1935-ல் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் அதை எல்லோர் முன்னாலும் ஏளனம் செய்தார். நோபல் பரிசு வந்தது 1983-ல்.

கணக்கு சரியாக இருந்தால் போதாது, அதைக் கைவிடாமல் காத்திருக்கவும் தெரியவேண்டும் போல.