கம்பியின் நுனி

புதுச்சேரி வைசியாள் வீதியைப் பார்த்தவர்களுக்கு நமது ஊரின் பழைய வீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீழே திண்ணையும் மரத்தூண்களும். மேலே பிரெஞ்சுப் பாணியில் ஜன்னல்கள். அவ்வீதியைப் புதுப்பித்த பணி 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் விருதைப் பெற்றது. நாம் வசிப்பதும் அத்தகைய வீடொன்றில்தான்.

இரவில் எழுந்தால் நமது அன்னையார் முற்றத்தைத் தாண்ட வேண்டும்; விளக்கின் ஸ்விட்சோ எதிர்ப்பக்கத்தில் இருந்தது. 230 வோல்ட் கம்பியைப் புதைப்பதற்காகச் சுண்ணாம்புச் சுவரை வெட்ட மனம் வரவில்லை. ஆகவே, கட்டிலருகே 24 வோல்ட் பொத்தான் ஒன்றை வைத்து, மெல்லிய கம்பியைக் கதவு நிலையோரமாகக் கூடத்துப் பெட்டிவரை கொண்டு சென்றோம். பெட்டியிலுள்ள 'ரிலே' என்னும் கருவி, அச்சிறு மின்சாரத்தின் கட்டளையைக் கேட்டு விளக்குக்குரிய பெரு மின்சாரத்தைத் திறந்துவிடும். நாம் பௌதிகத்தில் பட்டம் பெற்றவரல்லவா? நுனிகளை நாமே இணைத்தோம்.

சில மாதங்கள் சென்றன. ஒரு பின்னிரவில் பொத்தான் அழுத்தப்பட்டது, விளக்கு எரியவில்லை. அன்னையார் முற்றத்துப் படியில் விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் நமது பழைய மாணவர். "உனக்குப் படிப்பு வராது" என்று வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் நாம் சொன்ன அதே பையன்.

"உறையைச் சீவும்போது கத்தி பட்டுப் பாதி இழைகள் அறுந்திருக்கின்றன, சார். மிச்சத்தில் கடற்காற்று பட்டுப் பச்சை பூத்துவிட்டது. சின்னக் கரண்டுக்குச் சின்னப் பழுதே போதும்" என்றார்.

தாமிரம் பளபளக்கும் இடம்வரை நறுக்கினார். இழை ஒன்றும் அறாமல் உறையை உரித்து, எல்லா இழைகளையும் சிறு உலோகக் குழலுக்குள் செலுத்தி இடுக்கியால் நசுக்கினார். திருகாணியை முடுக்கிய பின் இழுத்துப் பார்த்தார். இரு நுனிகளிலும் ஒரே எண்ணை ஒட்டினார்.

"இழுத்துப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது, சார்."

நாமோ அந்தப் பையனைச் சோதித்துப் பாராமலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தோம்! 1954 நவம்பர் 1-ஆம் தேதி நமது ஊரில் அந்நியர் நிர்வாகம் முடிந்தது. ஆனால் கைத்தொழிலை ஏட்டுப் படிப்புக்குத் தாழ்வாக எண்ணும் புத்தி நம்மைப் போன்றவர்களிடம் இன்னும் குடியிருக்கிறதே!

கூலியை எண்ணிக் கொடுத்தோம்; அன்று சொன்னது தவறு என்றும் சொன்னோம்.

"எனக்கு ஞாபகமே இல்லை, சார்" என்றார் அவர். ஞாபகம் இருந்ததென்பதை முகம் காட்டிற்று.

அன்றிரவு விளக்கு எரிந்தது.