மலைக்காற்றில் திணறிய ஜீப்

நுவரெலியாவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்லும் வீதி, அம்பேவெலப் புற்றரைகளைக் கடந்து பட்டிப்பொலவை அடைகின்றது. இலங்கைப் புகையிரதப் பாதையில் யாவற்றினும் உயரமான நிலையம் இதுவே, 6,226 அடி. அதற்கப்பால் வீதி காட்டினுள் வளைந்து வளைந்து ஏறி, ஏறக்குறைய 7,000 அடியில் சமவெளியைத் தொடுகின்றது. 1988இல் தேசிய பூங்காவான இவ்விடத்தில் மரைகள் மேய்வதையும், ‘உலக முடிவு’ என்னும் பெரும் பாதாளத்தையும் காணவே மக்கள் செல்கின்றனர். காலை பத்து மணியளவில் மூடுபனி எழுந்து பாதாளத்தை மறைத்துவிடுவது வழக்கமாகையால், இவ்வீதியில் சுணங்குவோர் வெண்திரையொன்றையே கண்டு திரும்ப நேரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற எம் குடும்பத்தார் அறுவரையும் சுமந்தது 1960களில் செய்யப்பட்ட லான்ட் ரோவர் ஒன்று. 1948இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதல் உலகுக்குக் காட்டப்பட்ட இவ்வகை வண்டியையும் நம்மவர் ஜீப் என்றே அழைப்பர், வாதாடிப் பயனில்லை. பட்டிப்பொலவைக் கடந்து ஏற்றம் தொடங்கியதும் வண்டி கரும்புகை கக்கிற்று, இருமிற்று, நின்றது.

மருமகன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு காபரேற்றரைக் கழற்ற விரைந்தான். குப்பை அடைத்துவிட்டது என்பது அவன் துணிபு. நுவரெலியாவில் எம்முடன் ஏறிய முதிய சாரதி, முன்னர் தோட்ட லொறி ஓட்டியவர், அவனைத் தடுத்தார். “பொறுங்கள் தம்பி. வண்டிக்குப் பசியா, அசீரணமா என்று முதலில் பார்ப்போம்” என்றார்.

எஞ்சினை மீண்டும் உயிர்ப்பித்துச் சோக்கைச் சிறிது இழுத்தார். சோக் காற்றின் வழியைக் குறுக்கிப் பெற்றோலை மிகுவிப்பது. குப்பை அடைத்துப் பெற்றோல் வராதிருப்பின் எஞ்சின் இதனால் தேறும். எமது எஞ்சினோ முன்னிலும் மோசமாகத் திணறிற்று. ஆகவே பசியன்று, அசீரணமே. மிதவைக் கிண்ணத்தை ஸ்பானரின் பிடியால் மெல்லத் தட்டினார். பெற்றோலை அளந்துவிடும் ஊசி சிக்கியிருந்தால் அத்தட்டலிலேயே பெரும்பாலும் விடுபடும். மாற்றமில்லை. காற்று வடிகட்டியும் சுத்தமாகவே இருந்தது. பிளக்குகளைக் கழற்றினால், நான்கும் அடுப்பிலேற்றிய பானையின் அடிபோலக் கரிபிடித்திருந்தன.

குற்றம் கருவியிலன்று, காற்றில். 7,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே. காபரேற்றரின் துவாரமோ கடல் மட்டத்துக்கென அளவிடப்பட்டது. காற்றுக் குறையும் அளவுக்குப் பெற்றோல் குறைவதில்லை. மிகுதி கரியாகிப் புகைகின்றது. 1990களில் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில், காபரேற்றரினுள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறையினர் நாங்கள். இக்கருவி எமக்கு அந்நியமன்று. ஆயினும் அங்கே மாறியது எண்ணெய், இங்கே மாறியது காற்று.

முறையான பரிகாரம் சிறிய துவாரமுள்ள ஜெற்றை மாற்றுவதாகும். அது கைவசம் இல்லை. சாரதி பிளக்குகளைத் துடைத்து மாட்டி, மெதுவோட்டத்துக்குரிய கலவைத் திருகாணியைக் கால் சுற்று உள்ளே முடுக்கினார். எஞ்சின் ஒலி சீராயிற்று. இத்திருகாணி ஏற்றத்தில் இழந்த வலுவை மீட்டுத் தராது. ஆதலால் சிறிய கியரில், அக்சிலரேற்றரை முற்றாக மிதியாமல் ஏறினோம். சூடேறிய வண்டியை நிறுத்தியபின் கிளம்ப மறுத்தால், குழாயில் பெற்றோல் ஆவியாகியிருக்கக்கூடும் என்றும், ஈரத்துணி சுற்றிப் பொறுத்திருக்க வேண்டும் என்றும் அவர் வழியில் கூறினார். அந்நோய் எமக்கு வரவில்லை.

ஒன்பதரை மணிக்கு உலக முடிவின் விளிம்பில் நின்றோம். ஏறத்தாழ 2,850 அடிக்குக் கீழே தேயிலைத் தோட்டமும் அதன் கூரைகளும் தீப்பெட்டிகள்போலத் தெளிவாகத் தெரிந்தன. கால்மணி நேரத்தில் பனி ஏறி வந்து அனைத்தையும் மூடிற்று.

நுவரெலியாவில் விடைபெறும்போது சாரதி மருமகனை அழைத்து, தாழ்நிலத்தில் அத்திருகாணியை அவ்வாறே விட்டால் பெற்றோல் போதாது எஞ்சின் தடுமாறும் என்று எச்சரித்தார். இக்காலப் புதிய வண்டிகள் காற்றின் அடர்த்தியைத் தாமே உணர்ந்து பெற்றோலை அளந்துகொள்ளும். பழைய வண்டிக்கு அதனை ஓட்டுபவரே உணரவேண்டும். கம்பளையில் தேநீருக்காக நின்றபோது, மருமகன் மூடியைத் திறந்து அக்கால் சுற்றைத் திருப்பி வைத்தான்.